பெரிய மினியேச்சர் போர் மேசையில் தடுமாறுகிறதா? குறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

மினியேச்சர் எனப்படும் சிறு பொம்மை வீரர்களை மேசையில் நிறுத்தி, நாடாவால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிப் போர் ஆடுபவர்கள் நாங்கள். அணிக்குப் பத்து வீரர்கள் மோதுவதற்கென எழுதப்பட்ட விதிகளை வைத்துக்கொண்டு அணிக்கு நாற்பது பேரை இறக்கும் ஆசை எல்லோருக்கும் ஒருநாள் வந்தே தீரும். மாதக்கணக்கில் தூரிகை பிடித்து வண்ணம் தீட்டிய, கற்பனை உலகத்து ஓர்க்குகளும் எல்ஃப்களும் குள்ளர்களும் அலமாரியிலேயே நின்றுகொண்டிருந்தால் மனம் கேட்காது. நானும் அப்படித்தான் என் முதல் பெரும்போரை இறக்கினேன். நான்கு பேர், 90 மினியேச்சர்கள், ஒரு முழுப் பகல். மாலையில் மேசையைக் கலைத்தபோது மூன்றாம் சுற்று பாதியில் நின்றிருந்தது.

அதற்குப் பிறகு இத்தகைய போர்களைப் பலமுறை ஆடியிருக்கிறேன், நடத்தியும் இருக்கிறேன். கோளாறுகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிதான் வருகின்றன. பெரும்பாலானவற்றின் வேரும் ஒன்றுதான். ஸ்கிர்மிஷ் எனப்படும் இந்தச் சிறுமோதல் ஆட்டத்தில் படை அணியாக நகர்வதில்லை. ஒவ்வொரு வீரனுக்கும் தனித்தனியே முடிவெடுக்க வேண்டும்: எங்கே போவான், யாரை அடிப்பான், எந்தச் சுவரோரம் ஒதுங்குவான். பத்துப் பேர் என்றால் அது சுவை, நாற்பது பேர் என்றால் அதுவே சுமை. ஆகவே கீழே எந்தக் கோளாறின் குறியைப் படித்தாலும் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தச் சுற்றில் எத்தனை முடிவுகள் எடுத்தேன், அவற்றில் எத்தனை போரின் போக்கை மாற்றின? மாற்றாத முடிவுகளை வெட்டுங்கள். வீரர்களை வெட்ட வேண்டியதில்லை.

குறி: இரண்டு மணி நேரமாகியும் இரண்டாம் சுற்று முடியவில்லை

முதலில் நாடி பிடித்துப் பாருங்கள். ஒரே ஒரு சுற்றுக்குக் கடிகாரத்தை வைத்து, நகர்வுக்கு எவ்வளவு, எய்வதற்கு எவ்வளவு, கைகலப்புக்கு எவ்வளவு, விதிப்புத்தகத்தைப் புரட்டுவதற்கு எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு 40 பேர், ஒருவரை நகர்த்த 15 வினாடி என்றால் நகர்வுக்கு மட்டும் இரு பக்கமும் சேர்ந்து 20 நிமிடம். கைகலப்பு 15 இடங்களில் நடக்கிறது, ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றால் இன்னொரு 15 நிமிடம். அம்பும் மந்திரமும் சேர்ந்தால் ஒரு சுற்று 50 நிமிடத்தைத் தொடும். ஆறு சுற்றுப் போர் ஐந்து மணி நேரம். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு யாரும் யாரையும் மெதுவாக ஆடுவதாகக் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

நகர்வுதான் நேரத்தைத் தின்கிறது என்றால் குழு கட்டுங்கள். ஐந்து முதல் எட்டு சாதாரண வீரர்களுக்கு ஒரு தலைவன். தலைவனை மட்டும் நாடா வைத்து அளந்து நகர்த்திவிட்டு, மற்றவர்களைக் கண்ணளவில் அவனைச் சுற்றி 3 அங்குலத்துக்குள் நிறுத்துங்கள். எதிரியைத் தொடுகிறானா, மறைவுக்குள் வருகிறானா என்ற இரண்டு இடங்களில் மட்டும் துல்லியமாக அளந்தால் போதும். இது நானாகக் கட்டிய ஏற்பாடும் இல்லை. 2015இல் வெளிவந்த ஃப்ராஸ்ட்கிரேவ் என்ற மினியேச்சர் ஆட்டத்தின் விதிகளில், மந்திரவாதி தன் முறையில் 3 அங்குலத்துக்குள் நிற்கும் மூன்று வீரர்கள் வரை உடன் அழைத்துக்கொண்டு நகரலாம். அணிக்குப் பத்துப் பேர் இருக்கும் ஆட்டத்துக்கே அது தேவைப்பட்டிருக்கிறது.

கைகலப்பு தின்கிறது என்றால் பகடையை ஒவ்வொன்றாக உருட்டுவதை விட்டுவிடுங்கள். மூன்று ஜோடிகள் அருகருகே மோதுகிறார்களா? இடது ஜோடிக்குச் சிவப்பு, நடு ஜோடிக்கு நீலம், வலது ஜோடிக்குப் பச்சை என்று சொல்லிவிட்டு ஒரே வீச்சில் உருட்டுங்கள். பன்னிரண்டு வில்லாளர்கள் ஒரே குழுவை எய்கிறார்கள் என்றால் 12 பகடைகளும் ஒரே கைப்பிடியில் விழட்டும். சாதாரண வீரனுக்கு உயிர்ப்புள்ளி (எவ்வளவு அடி தாங்குவான் என்ற கணக்கு) எண்ணாதீர்கள். பட்டால் விழுந்தான், படாவிட்டால் நிற்கிறான், அவ்வளவுதான். உயிர்ப்புள்ளிக் கணக்கு நாயகர்களுக்கும் பூதங்களுக்கும் மட்டும் இருக்கட்டும். என் அனுபவத்தில் மிக அதிக நேரத்தை மீட்டுக்கொடுத்தது இந்த ஒரு மாற்றம்தான்.

புத்தகம் தின்கிறது என்றால், இரண்டு நிமிடத்துக்குள் விடை கிடைக்காத ஐயத்தைப் பகடை போட்டுத் தீர்த்துவிட்டு, போர் முடிந்தபின் நிதானமாகத் தேடுங்கள்.

இவை எதுவும் இல்லை, யோசிப்பதில்தான் நேரம் போகிறது என்றால் வரம்பு வைக்கத் தயங்காதீர்கள். பொம்மைப் போர்வீரர்களை வைத்து ஆட 1913இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் எழுதிய விதிகளிலேயே நகர்வுக்கு நேர வரம்பு உண்டு: முப்பது வீரர்களுக்கு ஒரு நிமிடம், ஒவ்வொரு பீரங்கிக்கும் ஒரு நிமிடம். எங்கள் மேசையில் ஒரு குழுவுக்கு ஒரு நிமிட மணற்கடிகாரம். மணல் இறங்கிவிட்டால் அந்தக் குழு நின்ற இடத்திலேயே நிற்கும். முதல் சுற்றில் எல்லோரும் முகம் சுளிப்பார்கள், மூன்றாம் சுற்றில் மணலைத் திரும்பிப் பார்க்காமலே ஆடுவார்கள்.

குறி: எல்லோரும் மேசையின் நடுவில் குவிந்துபோய், யாரும் எங்கும் நகர்வதில்லை

பெரும்போர்களில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் கோளாறு இதுதான். இவ்வளவு பெரிய களத்தை அடுக்கிவிட்டு, அதில் ஒரு சாண் அகலத்தில் மட்டும் ஆடுகிறோம்.

ஒருமுறை ஒரு பாலத்தின் மேலும் அதன் இரு முனைகளிலுமாக 31 மினியேச்சர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பாலத்தின் அகலம் 4 அங்குலம். பேஸ், அதாவது வீரன் நிற்கும் வட்ட அடித்தட்டு, 25 மில்லிமீட்டர் என்றால் பாலத்தில் அக்கம்பக்கமாக நான்கு பேர்தான் நிற்க முடியும். நான்குக்கு நான்கு பேர் அடித்துக்கொள்ள, மற்ற 23 பேரும் பின்னால் வரிசையில் காத்துக் கிடந்தார்கள். அதே நேரத்தில் ஆற்றின் ஆழமற்ற துறையோரம் ஒற்றை ஓர்க் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். கோடரியைத் தலைக்கு மேல் ஓங்கிய சிலை. பச்சைத் தோளில் வெளிர்மஞ்சள் கோடுகளை நான்தான் இரண்டு மாலைகள் உட்கார்ந்து இழுத்திருந்தேன். 8 அங்குலம் நடந்திருந்தால் அவன் எதிரியின் முதுகுப்பக்கம் போயிருப்பான். மூன்று சுற்றாக அவனை யாரும் தொடவில்லை. ஏன் என்று அவனுடைய தலைவனாக ஆடியவரிடம் கேட்டேன். 'அங்கே போய் அவன் என்ன செய்யப் போகிறான்?' என்றார். கோளாறு எங்கே இருக்கிறது என்று அந்தப் பதிலில்தான் எனக்குத் தெரிந்தது. வேறெங்கும் போவதற்குக் காரணம் இல்லாததால்தான் எல்லோரும் நடுவுக்குப் போகிறார்கள்.

ஆகவே சோதனை இது: உங்கள் படையின் இடது கோடியில் நிற்கும் கடைசி வீரனைத் தொட்டு, 'நேர் எதிரே போகாமல் வேறு எங்கே போனால் இவனால் பயன் உண்டு?' என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் காட்சி அமைப்பை மாற்ற வேண்டும்.

அதற்கு நம் கையிலேயே நல்ல வழிகாட்டி இருக்கிறது. புறத்திணை போரை ஒரே வகையாகப் பார்க்கவில்லை. ஆநிரையைக் கவர்வது வெட்சி, அதை மீட்பது கரந்தை, மாற்றார் நாட்டின்மேல் படையெடுப்பது வஞ்சி, மதிலை வளைப்பது உழிஞை, மதிலைக் காப்பது நொச்சி, இரு படையும் களம் குறித்து நேருக்கு நேர் மோதுவது தும்பை. நாம் மேசையில் ஆடுவதெல்லாம் தும்பையாகவே இருந்தால் குவியல் வராமல் வேறென்ன வரும்?

வெட்சியும் கரந்தையும் பெரிய ஸ்கிர்மிஷுக்கென்றே அமைந்தவை போல இருக்கின்றன. நான் அடிக்கடி ஆடும் அமைப்பைச் சொல்கிறேன். ஆறு மாடுகளை மேசையின் மூன்று இடங்களில் இரண்டிரண்டாக வையுங்கள். கவர வந்த அணி மேசையின் ஒரு நீளப் பக்கத்திலிருந்து நுழைகிறது, மாடுகளை அதே பக்கமாக ஓட்டிச் செல்ல வேண்டும். மாட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் வீரன் சுற்றுக்கு 4 அங்குலம்தான் நகர முடியும், அவன் கையில் ஆயுதம் ஓங்க முடியாது. மீட்கும் அணியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் தொடக்கத்திலேயே களத்தில் இருக்கிறது. மீதிப் பேர் இரண்டாம் சுற்றில், எதிர்ப்பக்கத்து இரு மூலைகளிலிருந்து வருகிறார்கள். எந்த மூலையில் எத்தனை பேர் என்பதை ஆட்டத்துக்கு முன்பே தாளில் எழுதி மடித்துவைக்க வேண்டும். இந்த அமைப்பில் நடுவில் குவிய யாருக்கும் நேரமே இருக்காது. ஒரு மாட்டை விட்டுக்கொடுத்து இரண்டைக் காப்பாற்றுவதா, துரத்துபவனைத் தடுத்து நிற்க யாரைப் பலி கொடுப்பது என்பவைதான் அங்கே எடுக்கும் முடிவுகள். ஒவ்வொன்றும் போரின் போக்கை மாற்றும் முடிவு.

காட்சியை மாற்ற முடியாத நிலையில், அதாவது போர் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்றால், உடனடி மருந்து ஒன்று உண்டு. கைகலப்பில் தோற்றவர் 1 அங்குலம் பின்வாங்க வேண்டும், வென்றவர் விரும்பினால் அந்த இடத்தைப் பிடிக்கலாம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள். கோடு அசையத் தொடங்கும். அசைந்தால் இடைவெளி விழும், இடைவெளி விழுந்த இடத்தில் யாராவது நுழைவார்கள்.

குறி: வாள் உருவும் முன்பே பாதிப் படை அம்புக்கு விழுந்துவிடுகிறது

வில்லாளர்கள் மேல் கோபப்படுவதற்கு முன் அளவு நாடாவை எடுங்கள். 6 அடிக்கு 4 அடி மேசையில் இரு அணிகளும் தத்தம் நீளப் பக்க ஓரத்திலிருந்து 12 அங்குலம் வரை நிற்கலாம் என்றால் நடுவில் இருப்பது 24 அங்குலம். வில்லின் வீச்சும் 24, நடை 6 என்றால் நெருங்குவதற்கு நான்கு சுற்று. எதிரே 24 வில்லாளர்கள், ஆறுமுகப் பகடையில் 5 அல்லது 6 விழுந்தால் அம்பு படும், பட்டதில் பாதி கவசத்தில் நிற்கும் என்று வையுங்கள். ஒரு வீச்சுக்கு எட்டு படும், நான்கு பேர் விழுவார்கள். நான்கு சுற்றில் 16 பேர். சிறிய ஆட்டத்தில் இரண்டு வில்லாளர்கள் இருந்தபோது இந்தக் கணக்கு யார் கண்ணிலும் பட்டிருக்காது.

தடுப்புகள் போதவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். மேசைப் பரப்பில் மூன்றில் ஒரு பங்காவது பாழடைந்த சுவர், மரக்கூட்டம், பாறை, குடிசை என்று ஏதாவது இருக்க வேண்டும். பரப்பு நிறைந்தால் மட்டும் போதாது, உயரமும் வேண்டும். முழங்கால் உயர வேலிகளை மேசை முழுதும் பரப்பினாலும் அம்பு அவற்றுக்கு மேலே பறந்துவிடும். களத்தை அடுக்கிய பிறகு கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்தைப் பாருங்கள். 12 அங்குலத்துக்கு மேல் தங்குதடையின்றித் தெரியும் பாதைகளை எண்ணுங்கள். இரண்டு மூன்று இருக்கட்டும், ஏனென்றால் வில்லாளர்களும் விளையாட வந்தவர்கள்தான். அதற்கு மேல் இருப்பவற்றை அடையுங்கள்.

கையில் களப்பொருட்கள் இல்லை என்றால், வீச்சை 16 அங்குலமாகக் குறைப்பதும் நகர்ந்தவன் அந்தச் சுற்றில் எய்யக்கூடாது என்பதும் ஓரளவுக்கு உதவும்.

குறி: ஒரே டிராகன் போர் முழுவதையும் விழுங்குகிறது, அல்லது, பெரிய நாயகன் வந்தவுடனே செத்துவிடுகிறான்

இரண்டும் ஒரே நோய். ஒருவனைச் சுற்றி எத்தனை பேர் நிற்க முடியும், அப்படி நிற்பதற்கு விதி என்ன பரிசு தருகிறது என்பதில்தான் கோளாறு இருக்கிறது.

ஒரே அளவு வட்டத்தைச் சுற்றி ஆறு வட்டங்கள் நிற்கும். ஆகவே 25 மில்லிமீட்டர் பேஸில் நிற்கும் நாயகனை அதே அளவு பேஸில் உள்ள ஆறு பேர் சூழலாம். 60 மில்லிமீட்டர் பேஸில் நிற்கும் டிராகனைப் பத்துப் பேர் சூழலாம். பத்துப் பேர் ஆட்டத்தில் இது நடக்கவே நடக்காது, ஏனென்றால் யாரும் தன் படை முழுவதையும் ஒரே எதிரியின் மேல் அனுப்ப மாட்டார்கள். நாற்பது பேர் ஆட்டத்தில் ஒவ்வொரு சுற்றும் நடக்கும். உடன் நிற்கும் ஒவ்வொருவருக்கும் +1 என்று விதி கொடுத்தால் டிராகனுக்கு எதிராக +9 வரை போகும், அது ஒரே சுற்றில் சுருண்டுவிடும். எதுவும் கொடுக்காவிட்டால் பத்துப் பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சாவார்கள். கூட்டச் சலுகைக்கு +3 என்று உச்சவரம்பு வைத்துப் பாருங்கள். சூழ்வதற்குப் பயன் இருக்கும், பத்தாவது ஆளை அனுப்பப் பயன் இருக்காது. மீதிப் பேர் வேறு வேலைக்குப் போவார்கள்.

நாயகன் சாவது பற்றி ஒரு கணக்கு. இருவரும் இருபதுமுகப் பகடை உருட்டித் தன் திறனைக் கூட்டி, அதிகம் பெற்றவர் வெல்லும் முறையில் ஆடுகிறீர்கள். நாயகனுக்கு +4, சாதாரண வீரனுக்கு +1. மொத்தம் 400 சேர்க்கைகளில் நாயகன் 247இல் வெல்கிறான், 17இல் சமன், 136இல் தோற்கிறான். மூன்றில் ஒரு முறை சாதாரண வீரனிடம் தோற்பவன் அவன். சிறிய ஆட்டத்தில் அவன் மூன்று நான்கு முறைதான் மோதுவான். பெரும்போரில் பத்துப் பன்னிரண்டு முறை மோத வேண்டியிருக்கும், எத்தனை முறைதான் தப்புவான்? ஆகவே அவனுக்குச் சுற்றுக்கு ஒரு முறை பகடையைத் திருப்பி உருட்டும் உரிமை கொடுங்கள். எப்போது அதைச் செலவழிப்பது என்ற நல்ல முடிவு ஒன்றும் ஆட்டக்காரருக்குக் கிடைக்கும்.

குறி: யார் நகர்ந்தார், யார் நகரவில்லை என்று யாருக்கும் நினைவில்லை

குழுவுக்கு ஒரு அட்டை, நகர்ந்தவுடன் அட்டையைக் கவிழ்த்துவிடுங்கள். வீரனுக்கு ஒரு டோக்கன் என்று மேசையில் அடுக்கினால் 80 டோக்கன்கள் சேர்ந்துவிடும், களத்தின் அழகும் போய்விடும். அட்டைக்குப் பதிலாகத் துணிப்பையில் அணிக்கு ஒரு நிறமாக மணிகளைப் போட்டு, குழுக்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒவ்வொன்றாக எடுப்பதும் நல்ல முறை. பை காலியானால் சுற்று முடிந்தது, யாரும் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அடுத்து யார் கை ஓங்கும் என்ற பதற்றமும் இலவசமாகக் கிடைக்கும்.

குறி: 'அவனை என்னால் பார்க்க முடிகிறது', 'முடியாது' என்று ஒவ்வொரு அம்புக்கும் தகராறு

பார்வைக் கோட்டுத் தகராறு நேர்மையானவர்களுக்குள்தான் அதிகம் வருகிறது. இருவரும் தாம் கண்டதைத்தான் சொல்கிறார்கள். குனிந்து மினியேச்சரின் கண் உயரத்திலிருந்து பார்த்தால் இருவருக்கும் வேறு வேறு காட்சி தெரிகிறது. கோடரியை ஓங்கி நிற்பவன் சுவருக்கு மேல் தெரிகிறான், மண்டியிட்டு வில் வளைப்பவன் தெரிவதில்லை. சிற்பி செதுக்கிய நிலைக்காக ஒருவனுக்குத் தண்டனை, ஒருவனுக்குப் பரிசு.

சிறிய ஆட்டத்தில் குனிந்து பார்ப்பது இன்பம், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெரும்போரில் உயர வகுப்பு முறைக்கு மாறிவிடுங்கள். மனித அளவு உருவம் எல்லாம் 2, பூதம் 3, டிராகன் 4. வேலி 1, சுவரும் மரக்கூட்டமும் 3. தன்னைவிட உயர்ந்த தடுப்புக்குப் பின்னால் இருப்பவன் தெரிய மாட்டான், சம உயரம் என்றால் பாதி மறைவு. பேஸின் மையத்திலிருந்து மையத்துக்கு நூல் பிடித்தால் போதும். போர் தொடங்கும் முன் இரு அணித் தலைவர்களும் மேசையைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு களப்பொருளையும் தொட்டு, இது என்ன வகுப்பு, இதன் எல்லை எதுவரை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிட வேலைதான். லேசர் பேனா வைத்துப் பார்ப்பவர்கள் அதை மேலிருந்து கீழ்நோக்கியே பிடியுங்கள், எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண் மேசை மட்டத்தில்தான் குனிந்திருக்கும்.

குறி: ஆறு பேர் ஆடுகிறோம், நான்கு பேர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்

அவர்களிடம் கைபேசியைப் பிடுங்கி வைப்பதால் ஒன்றும் ஆகாது. அவர்கள் முறை வர அரை மணி நேரம் ஆகிறது என்பதுதான் கோளாறு. மேசையை மூன்று பகுதிகளாக மனதில் பிரித்து, எதிரெதிரே நிற்கும் இருவர் தங்கள் பகுதியைத் தாங்களே ஒரே நேரத்தில் ஆடட்டும். ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குப் படை தாண்டும்போது மட்டும் எல்லோரும் நிறுத்திப் பார்த்தால் போதும். சுற்றின் முடிவில் எல்லாப் பகுதியும் ஒன்றுக்கொன்று காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இடது பக்கம் ஐந்தாம் சுற்றிலும் வலது பக்கம் மூன்றாம் சுற்றிலும் இருக்கும்.

மேசையை நீட்டுங்கள், அகலப்படுத்தாதீர்கள். நின்றபடி கையை நீட்டினால் சுமார் இரண்டு அடிதான் எட்டும். 4 அடிக்கு மேல் அகலமான மேசையில் நடுவில் நிற்கும் வீரனை எடுக்க மேலே சாய வேண்டியிருக்கும், சட்டைக் கை ஒரு வேல் வரிசையையே சாய்த்துவிடும்.

குறி: வீரர்கள் சாய்கிறார்கள், ஈட்டிகள் ஒடிகின்றன

பெரும்போரில் ஒரு மினியேச்சரை ஐம்பது அறுபது முறை கையால் எடுத்து வைக்கிறோம். எடுப்பது எங்கே என்று கவனியுங்கள். பெரும்பாலானோர் தலையை அல்லது ஆயுதத்தைப் பிடித்து எடுக்கிறார்கள். பேஸைப் பிடித்து எடுக்கச் சொல்லி ஆட்டத்தின் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்வதில் தவறேதும் இல்லை.

சரிவில் நிற்காமல் நழுவினால் குன்றைப் படிகளாக வெட்டுங்கள். இலகுவான பிளாஸ்டிக் உருவம் தொட்டாலே சாய்ந்தால், பேஸின் அடியில் ஓர் உலோக வாஷரை ஒட்டுங்கள். எடை கீழே இறங்கும். பேஸுக்கடியில் காந்தமும் தட்டில் இரும்புத் தகடும் வைத்தால் குழுவை மொத்தமாக நகர்த்தலாம், எடுத்துச் செல்லும் பெட்டியிலும் அசையாமல் நிற்கும். காந்தங்களை ஒட்டும் முன் முனைகள் எல்லாம் ஒரே பக்கம் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். ஒன்று திரும்பிவிட்டாலும் பக்கத்தில் நிற்பவனை இழுத்து ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டிய இடம் மீண்டும் மீண்டும் விட்டுப்போனால் பசையைப் பாருங்கள். பிளாஸ்டிக் சிமென்ட் எனப்படும் பசை பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கி இணைப்பது. ரெசின் எனப்படும் வார்ப்புப் பிசினிலும் உலோகத்திலும் அது பிடிக்காது. அவற்றுக்குச் சூப்பர் குளூதான். ஆனால் சூப்பர் குளூ இறுகினால் நொறுங்கும் தன்மை உடையது, பக்கவாட்டில் அடிபட்டால் சட்டென்று விட்டுவிடும். கனமான உலோகக் கை, டிராகனின் இறக்கை போன்றவற்றில் இரு பக்கமும் சிறு துளையிட்டு 1 மில்லிமீட்டர் கம்பியைச் செருகி ஒட்டுங்கள். வளைந்துபோன ரெசின் ஈட்டியை வெறும் கையால் நிமிர்த்த முயன்றால் ஒடிந்துவிடும். வெந்நீரில் முக்கி, இளகியதும் நிமிர்த்தி, அப்படியே குளிர்ந்த நீரில் பிடித்தால் நின்றுவிடும்.

ஒன்று சொல்ல வேண்டும். நடுப்போரில் ஒருவருடைய மினியேச்சர் ஒடிந்தால் ஆட்டத்தை நிறுத்துங்கள். துண்டைத் தேடி எடுத்து, ஒரு சிறு டப்பாவில் போட்டு அவர் கையில் கொடுத்த பிறகு தொடருங்கள். அவர் அதற்குச் செலவழித்த மாலைகள் நமக்குத் தெரியும்.

குறி: பகடை சுவரோரம் சாய்ந்து நிற்கிறது

சாய்ந்தது செல்லாது, திருப்பி உருட்ட வேண்டும். எண் எதுவானாலும் அப்படித்தான், விதிவிலக்கு வேண்டாம். களத்துக்கு வெளியே ஒரு தட்டு வைத்து அதில் மட்டும் உருட்டினால் இந்தக் குறியே வராது, வீரர்களும் பகடை மோதிச் சாய மாட்டார்கள்.

குறி: யார் வென்றார் என்று தெரிந்துவிட்டது, ஆனாலும் ஆட்டம் முடியவில்லை

கடைசி ஆள் விழும்வரை ஆடுவது பத்துப் பேர் ஆட்டத்திலேயே சலிப்பு. நாற்பது பேர் ஆட்டத்தில் தோற்றவருக்கு அது இரண்டு மணி நேரத் தண்டனை. 1999இல் வந்த மோர்ட்ஹைம் என்ற மினியேச்சர் ஆட்டத்தின் விதிகளில், அணியில் நான்கில் ஒரு பங்கு வீழ்ந்தவுடன் ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் களத்தைவிட்டு ஓடிவிடுகிறார்களா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். பெரும்போருக்கு நான்கில் ஒன்று மிகவும் முன்கூட்டியே வந்துவிடும். நான் குழு அளவில் பார்க்கிறேன்: பாதிப் பேரை இழந்த குழு தலைவனின் துணிவைச் சோதிக்க வேண்டும், தோற்றால் மேசை ஓரத்தை நோக்கி ஓட வேண்டும். மொத்தக் குழுக்களில் பாதி உடைந்துவிட்டால் போர் முடிந்தது. ஒவ்வொரு குழுவாக உடைவதைப் பார்ப்பதில் ஒரு போரின் வடிவம் தெரிகிறது. எந்தப் பக்கம் சரிந்தது, எந்தத் தலைவன் கடைசிவரை நின்றான் என்று பிறகு பேசிக்கொள்ளவும் முடிகிறது.

அதோடு சுற்று எண்ணிக்கையையும் முன்பே நிறுத்திவிடுங்கள். ஆறு என்றால் ஆறு. தோற்கிற பக்கத்துக்கும் கடைசிச் சுற்றில் ஏதாவது ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மேலே சொன்ன வெட்சி அமைப்பில் அது தானாகவே கிடைக்கிறது. அண்மையில் ஆடிய போரில் கவர வந்த ஓர்க்குகளின் ஏழு குழுக்களில் மூன்று உடைந்து ஓடியிருந்தன, இன்னொன்று உடைந்தால் எல்லாம் முடிந்தது. பாலப் போரில் துறையோரம் நின்ற அதே கோடரிக்காரன் ஒரு மாட்டோடு ஓரத்திலிருந்து 4 அங்குலத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ ஒரு தொலைவில் நின்றான். பையிலிருந்து ஆறாம் சுற்றின் கடைசி மணி ஓர்க்குகளின் நிறத்தில் வந்தது. ஆறு பேரும் எழுந்து நின்று பார்க்க, நாடாவைப் பேஸின் முன்விளிம்பில் வைத்து மெல்ல இழுத்தோம். மூன்றே முக்கால்.